இரண்டாவது அம்பு எவருடையது?

சம்யுத்த நிகாயத்தின் வேதனா சம்யுத்தத்தில் சல்லத்த சூத்திரம் என்று வழங்கும் சிறு சூத்திரம் ஒன்று உளது. பாலி மொழியில் 'சல்லம்' என்பது அம்பைக் குறிக்கும். தம்மம் பயிலாத மனிதனும் இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது என்னும் மூவகை நுகர்ச்சிகளையும் எய்துகிறான். தம்மம் பயின்ற சாவகனும் அவற்றையே எய்துகிறான். அங்ஙனமாயின் இவ்விருவருக்கும் வேற்றுமை யாது என்று பகவான் பிக்குகளை வினவுகிறார். பின்னர் அவரே ஓர் உவமையால் விளக்குகிறார். ஒருவன்மீது அம்பு ஒன்று தைக்கிறது. உடனே மற்றோர் அம்பும் தைக்கிறது. அவன் இரண்டு அம்புகளின் வலியையும் நுகர்கிறான். முதல் அம்பு உடலைப் பற்றிய துன்பம். இரண்டாவது உள்ளத்தைப் பற்றிய துன்பம். பயிலாதவன் இரண்டையும் தாங்குகிறான். பயின்றவனை முதல் அம்பு ஒன்றே தைக்கிறது. இதுவே சூத்திரத்தின் கருத்து.

பாடம் பயில்வோர் ஈண்டு ஒன்று கவனிக்க. நாம் தமிழில் 'வேதனை' என்றால் வலி என்றே பொருள் கொள்கிறோம். பாலியில் 'வேதனா' என்பது நுகர்ச்சி அனைத்தையும் குறிக்கும். தென்றல் உடலில் படுவதும் வேதனையே, தேள் கொட்டுவதும் வேதனையே. இவ்வேறுபாட்டை மறந்தால் இச்சம்யுத்தம் முழுவதும் நோயாளிகளுக்கு மட்டும் உரியது போலத் தோன்றும்.

இச்சூத்திரத்தை விளக்குவோர் பெரும்பாலும், இரண்டாவது அம்பை எய்பவன் அவனே; ஆகலின் அவனே அதனை எய்யாதிருக்கக் கற்றல் வேண்டும் என்று கூறி முடிப்பர். இது பிழையன்று. ஆயினும் இவ்விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நோயுற்ற ஒரு சகோதரியின் படுக்கையருகே சென்று, "அம்மா, உடல் வலி ஒன்றே உண்மை, உள்ளத்தின் வலி நீயே உண்டாக்கிக் கொண்டது" என்று உபதேசிப்போமாயின், அவளுக்கு மூன்றாவது அம்பு ஒன்றை எய்தவர் ஆவோம். உள்ளத்தில் தைக்கும் அம்பு எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் சற்று நெருங்கி ஆராய்வது நம் கடமை.

இவ்வாராய்ச்சிக்கு நான் தேர்ந்துகொண்ட சான்று ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீனா மாதரைப் பற்றியது. கடல் கடந்த நாட்டு மாதரை ஏன் எடுத்தீர் என்று அன்பர்கள் கேட்கலாம். மார்பகப் புற்றுநோயினின்றும் உயிர் பிழைத்தவர்களின் உள்ளம் எவ்வாறு இருக்கிறது என்பதை, அம்மாதரையே அவர்தம் தாய்மொழியில் வினவி, அவர் கூறிய விடைகளை எண்ணிக் கணக்கிட்டு வெளியிடும் முயற்சி அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஊகத்தால் பேசுவதினும் இத்தகைய சான்றைக் கைக்கொள்வது, வந்து காண்க என்று அழைக்கும் தம்மத்துக்கு உகந்தது.

லத்தீனா என்போர் மெக்சிகோ, மத்திய அமெரிக்க நாடுகள், போர்ட்டோ ரிக்கோ, கியூபா, தென்னமெரிக்கா முதலிய நிலங்களைப் பூர்விகமாகக் கொண்டு ஐக்கிய அமெரிக்காவில் வாழும் பெண்டிர். இவ்வினத்தார் ஆணும் பெண்ணுமாக 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 6 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்டோர். அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். கலிபோர்னியா மாநிலத்திலோ நூற்றுக்கு 39 பேர். இவர்களுள் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்து ஆங்கிலமே பேசுவோரும் உளர். நேற்று எல்லை கடந்து வந்து ஸ்பானிய மொழி ஒன்றே அறிந்தோரும் உளர். பழத்தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் கூலி வேலை செய்வோர், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்வோர், உணவு விடுதிகளின் அடுக்களையில் நிற்போர் இவர்களிடையே மிகப் பலர்.

இம்மாதரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. புற்றுநோயால் இறக்கும் லத்தீனா மாதரில் இந்நோயால் இறப்போரே அதிகம். ஒரு வியப்பு யாதெனின், வெள்ளை இனத்து மாதரை நோக்க இந்நோய் இவர்களைப் பற்றுவது குறைவு. ஆயினும் பற்றியபின் அது தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுவதும் குறைவு. நோய் தாமதித்துத் தெரியவரின் சிகிச்சை கடுமையாகும். சிகிச்சை கடுமையானால் அதன் பின்விளைவும் கடுமையாகும்.

அப்பின்விளைவுகளைச் சற்று விரித்துரைப்பேன். ஏனெனில் முதல் அம்பு இன்னதென்று அறியாதவர் இரண்டாவதைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். அறுவையால் மார்பகம் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ நீக்கப்படுகிறது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டால் அப்பக்கத்துக் கை வீங்கிக் கனத்துப்போதல் கூடும். இவ்வீக்கம் பல்லாண்டு கழித்தும் தோன்றும். மேசைமுன் அமர்ந்து எழுதுவோர்க்கு இது ஒரு தொல்லை. பெட்டி சுமப்போர்க்கும் தரை தேய்ப்போர்க்கும் இது பிழைப்பையே பறிப்பது. நச்சு மருந்துச் சிகிச்சையால் மயிர் உதிர்கிறது. அது மீண்டும் முளைக்கும். விரல் நுனிகளின் மரமரப்பும் நெடுநாள் நீங்காத அயர்வும் அவ்வளவு எளிதில் போவதில்லை. இளவயதினர்க்கு மாதவிடாய் காலத்துக்கு முன்னரே நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்தது என்று சொல்லி அனுப்பிய பின்னும், நோயின் தன்மையைப் பொறுத்து, டாமாக்சிஃபென் முதலிய மாத்திரைகளை நாள்தோறும் ஐந்தாண்டோ பத்தாண்டோ உட்கொள்ள வேண்டியவர் பலர். அம்மாத்திரையால் உடம்பில் திடீரென்று அனல் எழும், உறக்கம் கெடும். ஒவ்வொரு மாத்திரையும், மீண்டும் வருமோ என்ற கேள்வியை ஒவ்வொரு நாளும் நினைவூட்டும்.

இத்தகைய நிலையில் ஒருத்தி நலமாக வாழ்கிறாளா என்பதை எங்ஙனம் அளப்பது? குருதியைச் சோதித்துப் பார்த்து அறியக்கூடியதன்று அது. ஆராய்ச்சியாளர் இதற்கென்று வினாத்தாள்கள் அமைத்துள்ளனர். புற்றுநோயாளர்க்கெனப் பரவலாக வழங்கும் ஒன்றில் 27 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'சிறிதுமில்லை' முதல் 'மிகவும்' வரை 0 முதல் 4 வரையில் மதிப்பெண். உடல் நலன் பற்றி ஏழு, குடும்பமும் சுற்றமும் பற்றி ஏழு, உள்ளத்து நலன் பற்றி ஆறு, அன்றாடப் பணி ஆற்றும் திறன் பற்றி ஏழு. மார்பகப் புற்றுநோய்க்கே உரிய கவலைகள் தனியே கேட்கப்படும். ஸ்பானிய மொழியிலும் இவ்வினாத்தாள் உண்டு. உடல், உள்ளம் என்னும் இரண்டோடு நில்லாமல், சுற்றத்தார் துணை நிற்கின்றனரா என்பதையும் வாழ்க்கைத் தரத்தின் ஒரு கூறாக இவர்கள் எண்ணியது என் உள்ளத்தைக் கவர்ந்தது. நாமும் புத்தத்தையும் தம்மத்தையும் சரணடைவதோடு நின்றுவிடுவதில்லையே. சங்கத்தையும் அன்றோ சரணடைகிறோம்.

2011ஆம் ஆண்டில் பெட்டினா யானெஸ் முதலிய மூவர், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோயுற்ற லத்தீனா மாதரின் வாழ்க்கைத் தரம் பிற மாதருடையதினும் தாழ்ந்திருக்கிறது என்பதே அதிற் காணும் பொது முடிபு. உடல், உள்ளம், சமூகம் ஆகிய பல கூறுகளிலும் இத்தாழ்வு தென்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 2005ஆம் ஆண்டையொட்டி நோய் கண்டறியப்பட்ட மாதரிடையே நடந்த ஆராய்ச்சிகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டின. நோய் திரும்புமோ என்ற அச்சம் ஸ்பானிய மொழியே பேசும் லத்தீனா மாதரிடம் மிகுதி. தாம் ஏற்ற சிகிச்சையைக் குறித்துப் பின்னர் மனம் நொந்து, வேறு விதமாக முடிவு செய்திருக்கலாமே என்று வருந்துவதும் அவர்களிடமே மிகுதி. ஆங்கிலம் பேசும் லத்தீனாக்களிடம் இவை அவ்வளவு இல்லை.

இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரே இனம், ஒரே நோய். மொழி மட்டும் வேறு. உள்ளத்தின் துன்பம் அவரவர் மனம் தானே உண்டாக்கிக் கொள்வது மட்டுமே எனின், மருத்துவர் பேசும் மொழியை அறிந்தவளுக்குக் குறைவாகவும் அறியாதவளுக்கு மிகுதியாகவும் அது வருவானேன்? ஆங்கிலம் அறியாமை மனத்தின் மாசு அன்று. மருத்துவர் என்ன சொன்னார், எதற்காக வெட்டினார், வேறு வழி இருந்ததா என்று அறியாமலே ஒருத்தி தன் உறுப்பை இழந்தாள் எனின், அவ்விருளில் அச்சம் வளராமல் வேறென்ன வளரும்? இந்த அம்பில் அவள் கை மட்டும் படவில்லை. மருத்துவமனையின் கையும் பட்டிருக்கிறது.

அந்நாட்டில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், அரசு நிதி பெறும் நிறுவனங்கள் பூர்விக நாடு பற்றி எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாது என்று விதிக்கிறது. மொழி அறியாதவர்க்கு மொழிபெயர்ப்பாளர் அமர்த்தும் கடமை இச்சட்டத்தினின்றே பிறந்தது. ஆயினும் ஏட்டிலுள்ளது எங்கும் நடைமுறைக்கு வருவதில்லை. தாயோடு மருத்துவரிடம் சென்ற சிறுவனோ சிறுமியோ மொழிபெயர்ப்பாளராக நிற்பது அங்கே பழகிப்போன காட்சி. பத்து வயதுக் குழந்தை தன் தாய்க்குப் புற்றுநோய் என்பதைத் தானே முதலில் கேட்டு, தானே அவளுக்குச் சொல்ல நேர்வதை எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை பாதி சொல்லும், பாதி விழுங்கும். தாயும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேளாது விடுவாள்.

பொருளாதாரம் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. வறுமையின் இயல்பு நம் அன்பர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதன்று. நாட்கூலிக்கு உழைப்பவள் மருத்துவமனை செல்லும் நாளில் கூலியை இழக்கிறாள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவக் காப்புறுதி பலருக்குக் கிட்டியது. ஆயினும் குடியேற்ற ஆவணம் இல்லாதோர் அச்சட்டம் அமைத்த காப்புறுதிச் சந்தையில் காப்புறுதி வாங்க இயலாது. அவர்களுக்கு நோயச்சத்தோடு நாடு கடத்தப்படும் அச்சமும் சேர்ந்து வருகிறது.

இனி, வீட்டினுள் நிகழ்வதற்கு வருவோம். இம்மக்களின் வாழ்வில் குடும்பப் பற்று தலையாயது, 'ஃபமிலிஸ்மோ' என்பர். தாய் என்பவள் தன்னை மறந்து பிறர்க்காக வாழ்பவள் என்ற எண்ணமும் அவர்களிடையே வேரூன்றியது. 'அகுவாந்தார்' என்று ஒரு ஸ்பானியச் சொல் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல் என்பது அதன் பொருள். இவற்றின் நன்மையை மறுப்பதற்கில்லை. நோயுற்ற லத்தீனா மாதர் பலர் தம்மைத் தாங்கியது குடும்பமும் கடவுள் நம்பிக்கையுமே என்று ஆராய்ச்சியாளரிடம் கூறியுள்ளனர். நோய்க்குப் பின் வாழ்வின் அருமை விளங்கிற்று, உறவுகள் நெருங்கின என்று கூறியோரும் உளர். ஆனால் அதே பற்று வேறொரு முகமும் காட்டும். எல்லோரையும் பேணியவள் தான் பேணப்பட வேண்டியவளாகும்போது தன்னைக் குற்றவாளிபோல் எண்ணுகிறாள். பிள்ளைகள் கலங்குவரே என்று வலியை மறைக்கிறாள். கணவன் விலகுவானோ என்று அஞ்சி உடலை மறைக்கிறாள். அழ வேண்டுமெனில் குளியலறையில் நீர்க்குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். வீட்டில் உள்ளோரும் அவள் கலங்குவாளே என்று புற்றுநோய் என்னும் சொல்லையே வாயில் எடுப்பதில்லை. அன்பினால் இரு பக்கமும் மௌனம்.

இம்மௌனத்துக்குப் புத்த தம்மத்தில் விடை உண்டா? உண்டு, நாம் அதனை அதிகம் படிப்பதில்லை. அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியில், எளிதில் பேணத்தக்க நோயாளியின் இயல்புகள் ஐந்து கூறப்பட்டுள்ளன. அவன் தனக்கு ஏற்றதைச் செய்வான், ஏற்றதிலும் அளவறிவான், மருந்தை உட்கொள்வான், தன் நலம் நாடிப் பேணுவோரிடம் நோய் கூடுகிறது, குறைகிறது, அப்படியே நிற்கிறது என்று உள்ளவாறு உரைப்பான், உடலில் எழும் கடுந்துன்பங்களைப் பொறுப்பான். பொறுத்தல் இப்பட்டியலில் இறுதியில் நிற்கிறது. உள்ளவாறு உரைத்தல் அதற்கு முன் நிற்கிறது. உரைக்காமற் பொறுப்பதைப் பகவான் பொறுமை என்று புகழவில்லை. நம் வீடுகளில் மார்பிலே கட்டி ஒன்று தட்டுப்பட்டும் மாதக்கணக்கில் கணவனிடமும் சொல்லாது வைத்திருக்கும் தாய்மார்க்கு இந்நான்காவது இயல்பை எடுத்துக் கூறுவது உபாசிகைகளின் பணி.

அடுத்து விதியைப் பற்றிய பேச்சு. நோய் கடவுள் அளித்தது, வருவது வந்தே தீரும் என்னும் மனப்பான்மையை அந்நாட்டு நூல்கள் 'ஃபத்தலிஸ்மோ' என்று குறிக்கின்றன. லத்தீனா மாதர் சோதனைக்கு வராமைக்கும் தாமதித்து வருவதற்கும் இவ்விதிக் கொள்கையே காரணம் என்று பலர் எழுதி வந்தனர். 2007ஆம் ஆண்டில் அனா அப்ராயிதோ லான்சா என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் இக்கருத்தை எதிர்த்து ஓர் எச்சரிக்கை எழுதினர். காப்புறுதி இல்லாமை, பணமின்மை, மருத்துவமனை எட்டாமை ஆகிய தடைகளை ஒதுக்கிவிட்டு, மக்களின் பண்பாட்டின்மீது பழியைப் போடுவது தகாது. அவற்றையும் கணக்கில் எடுத்து ஆராய்ந்த பின்னரே விதிக் கொள்கையின் பங்கைப் பேச வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு இவ்வாதம் நேரியதாகவே படுகிறது. தாழ்த்தப்பட்டவனின் தாழ்வுக்கு அவன் மனமே காரணம் என்று சொல்லி, தாழ்த்தியவனை மறைத்துவிடும் சாமர்த்தியம் நமக்குப் புதியதன்று. பூர்வ ஜன்ம வினையால் இக்குலத்தில் பிறந்தாய் என்று நம் முன்னோரிடம் சொன்ன வாய்தான், நோயாளியிடம் வந்து பூர்வ ஜன்ம வினையால் இந்நோய் வந்தது என்றும் சொல்கிறது.

பௌத்தரும் கருமத்தை ஏற்பவர்தாமே என்று எவரேனும் வினவலாம். இதற்கு விடை அதே வேதனா சம்யுத்தத்தில் இருக்கிறது. இராசகிருகத்து வேணுவனத்தில் மோளியசீவகன் என்னும் பரிவிராசகன் பகவானிடம் வந்து, மனிதன் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன் செய்த வினையால் வருவனவே என்று சில சமணரும் பிராமணரும் கூறுகின்றனரே என்று கேட்டான். பகவான் அதனை மறுத்தார். சில நுகர்ச்சிகள் பித்தத்தால் எழுவன, சில சிலேட்டுமத்தால், சில வாதத்தால், சில மூன்றும் கூடியதால், சில பருவ மாற்றத்தால், சில உடலைப் பேணுவதில் நேரும் முறைகேட்டால், சில வெளியிலிருந்து வரும் தாக்குதலால், சில வினைப்பயனால். எட்டில் ஒன்றே வினைப்பயன். எல்லாம் முன்வினையே என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் மீறிப் பேசுகின்றனர் என்று அவர் முடித்தார். மருத்துவ அறிவு அக்காலத்துச் சொற்களில் கூறப்பட்டிருப்பினும் கருத்து தெளிவு: நோய்க்கு நோயின் காரணங்கள் உண்டு, அவற்றை ஆராய்ந்து மருந்து தேடுக. மார்பகப் புற்றுநோயுற்றவளிடம் உன் வினை என்று கூறுபவன், பகவான் மறுத்த கொள்கையை அவர் பெயராலேயே பேசுகிறான்.

இனி, தைத்த அம்பைப் பிடுங்கும் வழி யாது? இதற்கும் லத்தீனா மாதரிடையே நடந்த ஒரு முயற்சி சான்றாகிறது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் சான் பிரான்சிஸ்கோப் பிரிவைச் சேர்ந்த அன்னா நாப்போலெஸ் என்பவரும் அவர்தம் துணைவரும், ஊர்ச் சங்கங்களோடு கலந்து ஒரு திட்டம் வகுத்தனர். 'நுவேவோ அமனெசேர்' என்று அதற்குப் பெயர். புதிய விடியல் என்பது பொருள். ஓராண்டுக்குள் நோய் கண்டறியப்பட்ட, ஸ்பானிய மொழி பேசும் மாதரிடம் வாரந்தோறும் ஒருத்தி செல்வாள். எட்டு வாரம் செல்வாள். அவள் மருத்துவரல்லள், பட்டம் பெற்ற மனநூல் வல்லாரும் அல்லள். அவளும் ஒரு லத்தீனா. அவளும் இதே நோயால் தாக்குண்டு பிழைத்தவள். இதற்கெனப் பயிற்சி பெற்றவள். 'கொம்பாஞேரா', அதாவது தோழி, என்று அவளை அழைத்தனர். நோய் என்ன செய்தி கொண்டு வந்தது, அதனை எங்ஙனம் எதிர்கொள்வது, மருத்துவரிடம் என்னென்ன கேட்பது, உதவியை எவரிடம் நாடுவது, மனத்தைக் கலக்கும் எண்ணம் எழும்போது அதனை எண்ணம் என்று கண்டு ஆராய்வது எப்படி, மூச்சை ஆழ்ந்து விட்டு உடலைத் தளர்த்துவது எப்படி என்பனவெல்லாம் பாடங்கள்.

இத்திட்டத்தின் பயனை அறிய 151 மாதரைச் சீட்டுப் போட்டாற்போல இரு கூறாக்கினர். ஒரு கூறினர்க்குத் தோழி சென்றாள். மற்றவர்க்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டதில், தோழியைப் பெற்றவர்களின் உடல் நலன், உள்ளத்து நலன், நோய் பற்றிய கவலைகள், மொத்த வாழ்க்கைத் தரம் ஆகியவை மற்றவருடையதினும் மேம்பட்டிருந்தன. மனச்சோர்வும், மனக்கலக்கத்தால் உடலில் தோன்றும் தொல்லைகளும் குறைந்திருந்தன. இம்முடிபு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. நகரங்களில் தொடங்கிய இத்திட்டம் பின்னர்க் கலிபோர்னியாவின் கிராமப்புறத்து மாதர்க்கும் ஏற்பத் திருத்தி அமைக்கப்பட்டது.

எளிய செய்தி போலத் தோன்றும் இதில் அடங்கிய பொருள் பெரிது. தோழி புதிய மருந்து எதுவும் கொண்டு செல்லவில்லை. கையின் வீக்கத்தை அவள் குறைக்கவில்லை. இழந்த உறுப்பை மீட்டுத் தரவில்லை. முதல் அம்பு தைத்த இடத்திலேயே இருந்தது. அவள் தொட்டது இரண்டாவதை. அவளால் அது ஏன் இயன்றது? அதே மொழியில் பேசினாள். ஆகவே இருள் விலகிற்று. அதே வடுவைத் தன் மார்பில் உடையவள்; ஆகவே மறைக்க வேண்டியது எதுவுமில்லை. உயிரோடு எதிரில் அமர்ந்திருந்தாள். பிழைக்க முடியும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். ஆனந்தரோடு அவ்வழியே வந்த பகவான், உம்மைப் பேணுவோர் எவருமில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஏன் என்றபோது அப்பிக்கு கூறிய காரணம் நெஞ்சைச் சுடுவது: தம்மால் பிற பிக்குகளுக்கு எவ்விதப் பயனும் இல்லாமையால் அவர்கள் தம்மைக் கவனிக்கவில்லை என்றார். வேலை செய்ய இயலாத கையோடு வீட்டில் அமர்ந்திருக்கும் தாயின் உள்ளத்தில் ஓடும் எண்ணமும் இதுவேயன்றோ? பகவான் நீர் கொணரச் செய்து ஊற்றினார், ஆனந்தர் கழுவினார், ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துக் கட்டிலில் கிடத்தினர். உபதேசம் பின்னர்தான். அதுவும் நோயாளிக்கு அன்று, பேணாதிருந்த பிக்குகளுக்கு. தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறெவர் பேணுவர் என்று கேட்டு, தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோன் நோயாளிக்குத் தொண்டு செய்க என்று பணித்தார். மரபை விட்டுப் பகவானிடம் வந்த நமக்கு இக்கேள்வி நேரே கேட்கப்பட்டது போலவே இருக்கிறது.

நோயாளியைப் பேணத் தக்கவனின் இயல்புகளும் ஐந்தாகச் சொல்லப்பட்டுள்ளன. மருந்து அமைக்கும் திறன், ஏற்றதும் ஏலாததும் அறிதல், பயன் கருதாது மைத்திரியால் பேணல், மலம் சிறுநீர் சளி வாந்தி இவற்றுக்கு அருவருப்புக் கொள்ளாமை, காலமறிந்து தம்மப் பேச்சால் உள்ளத்தை ஊக்குதல். தம்மப் பேச்சு ஐந்தாவது. நம்மவர் சிலர் ஐந்தாவதிலேயே தொடங்கி ஐந்தாவதிலேயே முடித்துவிடுகின்றனர்.

தியானம் பற்றியும் ஒரு சொல். சதிபட்டானப் பயிற்சியின் சில கூறுகளை எடுத்து, சமயச் சார்பின்றி நோயாளிகளுக்குக் கற்பிக்கும் முறையொன்றை ஜான் கபட் சின் என்பவர் 1979ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். புற்றுநோயுற்றோர்க்கும் அது இன்று பல இடங்களில் கற்பிக்கப்படுகிறது. கவலையும் மனச்சோர்வும் தணிய உதவுகிறது. நாம் இதில் பெருமை கொள்வது இயல்பு. ஆனால் தியானம் கட்டியைக் கரைக்கும் என்று எவரேனும் சொன்னால் அது பொய். அதனை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுபவள் உயிரை இழக்கக் கூடும்.

குடும்பத்தின் மௌனத்துக்கு மாற்று எது என்பதற்கு அங்குத்தர நிகாயத்தின் ஆறின் தொகுதியில் ஒரு காட்சி உண்டு. பகவான் சும்சுமாரகிரியில் தங்கியிருந்த காலம். நகுலபிதா என்னும் இல்லறத்தார் கடும் நோயுற்றுக் கிடக்கிறார். மனைவி நகுலமாதா அருகே அமர்கிறாள். அவர் வாய் திறந்து கூறாத கவலைகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறாள். தாம் இறந்தால் பிள்ளைகளை இவள் எங்ஙனம் காப்பாள் என்று எண்ணாதீர். எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், பிள்ளைகளைக் காப்பேன் என்கிறாள். வேறு வீட்டுக்குப் போய்விடுவாளோ என்றும் எண்ணாதீர் என்கிறாள். பகவானையும் சங்கத்தையும் காணச் செல்வதை விட்டுவிடுவேன் என்றும், சீலத்தில் தவறுவேன் என்றும், உள்ளத்து அமைதி எனக்கு இல்லை என்றும், தம்மத்தில் உறுதி இல்லை என்றும் ஐயுறாதீர் என்கிறாள். மனக்கவலையோடு மரித்தல் துன்பம். அதனைப் பகவான் புகழவில்லை என்றும் நினைவூட்டுகிறாள்.

இங்கே சாவு என்னும் சொல் மறைக்கப்படவில்லை. பிழைப்பைப் பற்றிய கவலை அற்பமென்று தள்ளப்படவில்லை. முதலில் வருவதே பஞ்சும் கம்பளியும்தான். லத்தீனா மாதரின் வீடுகளில் படுக்கையில் கிடப்பவள் மனைவி. ஆகவே அருகே அமர்ந்து இவ்வாறு பேச வேண்டியவன் கணவன், அல்லது வளர்ந்த மகள், அல்லது வாரந்தோறும் கதவைத் தட்டும் தோழி. நகுலபிதாவின் நோய், அவள் பேசி முடித்தபின் தணிந்தது என்று சூத்திரம் கூறுகிறது. எழுந்து சில நாட்களுக்குள் அவர் கோலை ஊன்றிக்கொண்டு பகவானைக் காணச் சென்றார். உம் நலம் நாடி அறிவுரை கூறும் நகுலமாதாவைத் துணையாகப் பெற்றது உமக்குப் பெரும் பேறு என்று பகவான் அவரிடம் கூறினார்.